கேழ்வரகுச் சுருதி

கரண்ட் போகும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அரூரில் எங்கள் மாவு மில். காலை பத்து மணி, நல்ல கூட்டம். பை, தூக்கு, பிளாஸ்டிக் வாளி என்று வரிசையாக வைத்துவிட்டு, தூசிக்கும் சத்தத்துக்கும் பயந்து ஏழெட்டுப் பேர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நான் மட்டும். தொட்டியில் கேழ்வரகைக் கொட்டியாகிவிட்டது. மாவு விழுகிற துணிக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயை முழுசாகத் திறந்து, என்னால் முடிந்த உயரத்தில் ஒரு 'ஆ' பிடித்திருந்தேன்.

மோட்டார் சத்தம் கடகடவென்று இறங்கிப்போனது. நான் இறங்கவில்லை.

இரண்டு விநாடிதான் இருக்கும். அந்த இரண்டு விநாடியும் தெருவில் என் 'ஆ'வைத் தவிர வேறு சத்தமே இல்லை.

வெளியே ஒரு தூக்கு உருண்டது. "ஐயோ, பெல்ட்ல கை மாட்டிக்கிச்சு!" என்று யாரோ அலறினார்கள். அடுத்த நிமிடம் வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. ஒருத்தர் விளக்குமாற்றுக் கட்டையோடு வந்தார், ஷாக் அடித்திருந்தால் என்னைத் தட்டிவிடுவதற்காக. எங்கள் பழைய வாடிக்கைக்காரர் ராதம்மா என் கையைப் பிடித்து இழுத்து விரல்களை எண்ணினார். பதற்றம் வந்தால் அவருக்கு வீட்டுத் தெலுங்குதான் வரும். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று பத்து வரைக்கும் எண்ணி, நம்பிக்கை வராமல் இன்னொரு முறை எண்ணினார்.

"பத்தும் இருக்குது. அப்புறம் எதுக்கும்மா அப்படிக் கத்துன?"

"கத்தலீங்க. பாடினேன்."

ராதம்மா என் கையை விட்டுவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நான் இந்த மில்லுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரமே எழுதிவிட்டேன். அதில் ஒரு விஷயத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டிருந்தேன். வெட்கம்தான் காரணம். ஆனால் ஊருக்கே தெரிந்ததை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உதடு மட்டும்

ஆறாம் வகுப்பில் காலைப் பிரேயர் பாடுகிற குழுவில் என்னைச் சேர்த்தார்கள். பாட்டுக்காக இல்லை, உயரத்துக்காக. இந்தப் பக்கம் ஒரு நெட்டைப் பெண் நின்றால் அந்தப் பக்கத்து நெட்டைப் பெண்ணுக்குச் சரியாக இருக்குமாம். மூன்றாம் நாள் டீச்சர் என் காதருகே குனிந்து, ரொம்பப் பிரியமாக, "செல்வி, நீ உதட்ட மட்டும் அசைம்மா, போதும்" என்றார்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மதியம் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு எலுமிச்சை சாதம் தருவார். அந்தச் சாதத்தைத் தின்றுவிட்டு அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? அசைத்தேன். பத்தாம் வகுப்பு முடிகிறவரை அசைத்தேன். பிறகு மாரியம்மன் கோயில் கும்மியில் அசைத்தேன். கல்யாணமாகிப் பெண் பிறந்தபோது அவளைத் தூங்கவைக்கப் பாடவில்லை, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கதையாகச் சொன்னேன். அவளும் நன்றாகத்தான் தூங்கினாள்.

நாற்பது வயதில் எனக்கு முப்பது வருட உதடசைப்பு அனுபவம். அதற்கு ஏதாவது விருது இருந்தால் எனக்கு முன்னால் யாரும் நின்றிருக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் மாணிக்கம் லோடு ஆட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டு, மில்லை முழுசாக என்னிடம் விட்டார். முதல் நாள் தனியாக நின்று மோட்டாரைப் போட்டேன். பத்துக் குதிரைச் சக்தி மோட்டார். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தேன். என் குரல் என் காதில் விழவில்லை. ஆனால் மண்டைக்குள், மூக்குத் தண்டுக்குள், நெஞ்செலும்பில் கேட்டது. யாருக்கும் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிலோ கோதுமையைக் கம்பு மாவோடு கலந்துவிட்டேன்.

மோட்டார் வாத்தியார்

பாட்டு வகுப்புக்குப் போகிற வசதியோ நேரமோ எனக்கு இல்லை. போனாலும் முதல் நாளே உதட்டை அசைக்கச் சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பயம் வேறு. அதனால் மோட்டாரையே வாத்தியாராக வைத்துக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டதும் அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஆரம்பித்துச் சத்தம் மேலே ஏறும். நானும் வாயை மூடி 'ம்ம்ம்' என்று கூடவே ஏறுவேன். நிறுத்தினால் அது இறங்கும், நானும் இறங்குவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது போட்டு நிறுத்துகிற வேலை. முதலில் பாதி வழியில் குரல் உடைந்து, கீச்சென்று வேறு எங்கோ போய் விழும். நாலைந்து மாதத்தில் அந்த உடைப்பு ஆறிவிட்டது. எங்கே உடைந்தது என்று தேடினாலும் தெரியவில்லை.

தானியத்துக்குத் தானியம் சத்தம் மாறும் என்பது மில்காரர்களுக்குத் தெரியும். பச்சரிசி கொட்டினால் மோட்டார் ஒரு மாதிரி முனகும். கேழ்வரகு சன்னமாக, ஒரே சீராக ஓடும். சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் தினையும் சாமையும் கொண்டுவந்தால் சத்தம் கொஞ்சம் லேசாகிவிடும். எனக்கு வாகானது கேழ்வரகுதான். எங்கள் ஊரில் களி கிண்டாத வீடு கிடையாது என்பதால் குரல் சாதகத்துக்குப் பஞ்சமே இல்லை.

மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும் மௌன விரதம். ஒரே ஒரு தடவை மீறிப் பாடினேன். மூன்று நாள் என் பேச்சு தவளைப் பேச்சாக இருந்தது. மாணிக்கம் அந்த மூன்று நாளும் நிம்மதியாக இருந்ததாகப் பிறகு சொன்னார்.

செல்போனில் ஒருவர் குரல் பயிற்சி சொல்லித்தருவார். தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதிக்கொண்டே பாடச் சொன்னார். ஸ்ட்ராவுக்கு எங்கே போவது? பின்பக்கம் பப்பாளி மரம் இருந்தது. இலைத் தண்டை ஒடித்து, ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டு, 'ஊ' என்று கீழிருந்து மேலே ஊதினேன். தொண்டை வலிக்காமல் குரல் வழுக்கிக்கொண்டு மேலே போவதை நீங்களும் செய்து பார்க்க வேண்டும். பால் ஒட்டாமல் தண்டை முதலில் கழுவிக்கொள்ளுங்கள். நான் கழுவவில்லை, உதடு வீங்கிவிட்டது.

இன்னொன்று, உதட்டைத் தளர்த்திப் 'புர்ர்ர்' என்று அதிரவைத்துக்கொண்டே மெட்டுப் பாடுவது. இதை மாவு படிந்த முகத்தோடு செய்யக் கூடாது. செய்தால் எதிரில் இருக்கிறவருக்கும் பவுடர் பூசின மாதிரி ஆகிவிடும்.

இப்படியே மூன்று வருடம் போனது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அந்தக் கரண்ட் கட்.

தம்பி பார்த்த வேலை

ராதம்மா என் விரல்களை எண்ணின செய்தி பஸ் ஏறிப் பொம்மிடி வரைக்கும் போய்விட்டது. என் தம்பி சரவணன் அங்கேதான் மளிகைக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு அந்த வருடம் ஐப்பசியில் கல்யாணம். அன்று சாயந்திரமே போன் வந்தது.

"அக்கா, நீ பாடுவியாமே."

"யார்ரா சொன்னது?"

"ஊரே சொல்லுது. சரி, ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி வெச்சிருக்குது. அவங்ககிட்ட உன் பேரக் குடுத்துட்டேன். ஒரே ஒரு பாட்டுதான்."

"டேய், போய் எடுத்துட்டு வாடா அந்தப் பேர."

"மேடையில நீ பாடணும்கா, எனக்கு அதுதான் வேணும்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பேரைக் கொடுத்துவிட்டான் என்றதும் பயந்துதான் போனேன். ஆனால் அதற்கு அடியில், பாழாய்ப்போன மனசு குதித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பாடி, அவர்கள் காதில் அது விழ வேண்டும். சாகும்முன் அது நடந்தால் போதும் என்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுதான். பல்லவி, கேழ்வரகு ஓடுகிற சத்தத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சரணத்தில் கடைசி வரிக்கு முந்தின வரியில் மட்டும் ஒரு இடம் திடீரென்று மேலே போகும். அங்கே போனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு, யாரோ கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

ரவையாய்ப் போன ஊர்

இங்கேதான் நான் செய்யக் கூடாத வேலையைச் செய்தேன்.

மில்லில் கல்லை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சக்கரம் உண்டு. இறுக்கினால் மாவு நைசாக வரும், மோட்டாருக்குப் பளு கூடிச் சத்தம் இறங்கும். தளர்த்தினால் பளு குறைந்து சத்தம் ஏறும். எனக்கு ஏறவேண்டி இருந்தது. அதனால் ஒரு கால் சுற்றுத் தளர்த்தினேன். சத்தம் கொஞ்சம் உயர்ந்தது, நானும் கூடவே உயர்ந்தேன். மறுநாள் இன்னொரு கால் சுற்று. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். குரல் ஏறுகிற ஆனந்தத்தில் கீழே என்ன விழுகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து ராதம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். உள்ளே ஒரு களி உருண்டை. என் கையில் வைத்து, "புட்டுப் பாரும்மா" என்றார். புட்டேன். மணல் மாதிரி உதிர்ந்தது.

"மூணு நாளா எங்க வூட்ல களி ஒண்ணு சேர மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரரு எம்மேல பழி போடறாரு. இருவத்தஞ்சு வருசமா கிண்டறேன், எனக்குக் களி கிண்டத் தெரியலயாம்!"

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஊரில் பாதி வீட்டில் அந்த வாரம் களிச் சண்டை நடந்திருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

மாணிக்கம் கல் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, கல் கொத்துகிறவரைத் தருமபுரியிலிருந்து வரவழைத்தார். அவர் கழற்றிப் பார்த்து, கையால் தடவி, "கல்லு கொத்தினாப்பல புதுசாட்டம் இருக்குதுங்க. யாரோ வேணும்னே தளத்தி வெச்சிருக்காங்க" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல எனக்கு வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டாரோடு ஏறுவது, சரணம், கால் சுற்று, எல்லாம். மாணிக்கம் கத்துவார் என்று நினைத்தேன். அவர் சாக்கின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"ஏ செல்வி, உன் பாட்டுக்கு ஊரே பட்டினியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லார் மாவையும் வாங்கி நாங்கள் இரண்டு பேருமாகத் திரும்ப அரைத்துக் கொடுத்தோம். சக்கரத்தில் மாணிக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார், அதைத் தாண்டித் திருப்பக் கூடாது என்று. அதோடு என் உச்சமும் அந்தக் கோட்டிலேயே நின்றுபோனது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. சரவணனுக்குப் போன் செய்து பேரை எடுத்துவிடச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மும்தாஜ் அக்காவின் டேப்பு

மில்லுக்கு அடுத்த கடை மும்தாஜ் அக்காவுடையது. தையல் கடை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பேச்சு குறைவு, கை வேகம். ரிசப்ஷன் பட்டுப் புடவைக்கு ரவிக்கை அளவு கொடுக்கப் போனேன். முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"என்னா செல்வி, அந்த எடம் இன்னும் வரலையா?"

எனக்குப் புரியவில்லை. "எந்த எடம்கா?"

அவர் வாயைத் திறந்து, சரணத்தில் நான் திணறுகிற அந்த வரியை அப்படியே முணுமுணுத்துக் காட்டினார்.

"நடுவுல சுவரு இருக்குதுன்னு நெனச்சுக்கிட்ட. அது ஒத்தக்கல் சுவரும்மா, மோட்டாரத் தாண்டியும் உன் குரல் இந்தப் பக்கம் வந்துரும். மூணு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அய்யோ! ஏன்கா சொல்லல?"

"மொத ஆறு மாசம் காதுல பஞ்சு வெச்சிருந்தேன். அப்புறம் எடுத்துட்டேன். சொன்னா நீ நிறுத்திருவன்னு சொல்லல."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். மும்தாஜ் அக்காவுக்கு அழுகிறவர்களோடு மெனக்கெட நேரம் கிடையாது. டேப்பை எடுத்து என் விலாவைச் சுற்றிப் பிடித்தார்.

"மூச்ச இழு."

இழுத்தேன். டேப் அசையவே இல்லை.

"இன்னும் இழு."

"இதுக்கு மேல வரலைக்கா."

"எப்படி வரும்? நான் தச்ச ரவிக்கைதான் இது. சிக்குன்னு வேணும், சிக்குன்னு வேணும்னு நீதான நச்சரிச்ச. பொடவை மூட்டையக் கட்டற மாதிரி உன்னக் கட்டி வெச்சிருக்குது. மூச்சு மேலயே முட்டிக்கிட்டு நிக்குது, குரல் எங்க போவும்?"

அப்படியே நிற்கவைத்து, கத்தரி முனையால் இரண்டு பக்கத் தையலையும் பிரித்துவிட்டார். இரண்டு விரல் அகலம். "இப்ப இழு" என்றார். இழுத்தேன். விலா விரிந்து, முதுகுப் பக்கம் கூட விரிந்து, மூச்சு வயிறு வரைக்கும் இறங்கியது. இருபது வருடமாக அவ்வளவு மூச்சு நான் இழுத்ததே இல்லை.

"பாடு."

"இங்கயா?"

"எனக்கென்ன புதுசா?"

பாடினேன். அந்த இடம் வந்தது. தொண்டை அடைக்கவில்லை. குரல் மேலே போய், நான் நினைத்ததற்கும் இன்னும் கொஞ்சம் மேலே நின்றது. நான் பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன். மும்தாஜ் அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ம், ஆச்சு. பட்டு ரவிக்கைக்கும் அளவு கூட்டியே வெச்சிடறேன்" என்றார்.

இத்தனை நாள் கல்லைத் தளர்த்தி ஊரைக் கெடுத்தேனே! தளர்த்த வேண்டியது ரவிக்கை. குரலை வளர்க்க நினைக்கிற பெண்களுக்கு நான் சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். தேன், மிளகு, கற்கண்டு எல்லாம் பிறகு.

பொம்மிடி மண்டபம்

ரிசப்ஷன் அன்று சாயந்திரம் மண்டபம் நிறைந்திருந்தது. கீழ்த்தளத்தில் பந்தி, மாடியில் மேடை. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். மாணிக்கம் என் ரவிக்கையைப் பார்த்து, "என்ன இது, என் சட்டையாட்டம் இருக்குது?" என்றார். நான் விலாவை விரித்து மூச்சு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பி கேட்டான். "அக்கா, என்ன ஸ்கேல்ங்க?"

"கேழ்வரகு" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான், பக்கத்தில் தபேலாக்காரரைப் பார்த்தான். அவசரமாக 'ம்ம்ம்' என்று இழுத்துக் காட்டினேன். அவன் இரண்டு மூன்று கட்டைகளைத் தட்டிப் பார்த்து, "அட, இதுங்களா" என்று பிடித்துக்கொண்டான். கேழ்வரகுக்கு அவர்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் இருந்த சரவணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதல் வரியைப் பாடினேன். ஸ்பீக்கர் 'கீய்ய்ங்' என்று கூவியது. முன்வரிசையில் எல்லாரும் காதைப் பொத்தினார்கள். பத்துக் குதிரை மோட்டாருக்கு மேலே பாடித்தான் எனக்குப் பழக்கம், மெதுவாகப் பாடுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. மேடைக்குப் பக்கத்தில் சவுண்ட் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர் பதறி எழுந்து எதையோ திருகினார். கூவல் நின்றது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டேன்.

பல்லவி போனது. சரணம் வந்தது. முந்தின வரியிலேயே விலாவை விரித்து மூச்சை இறக்கிக்கொண்டேன். அந்த இடம் வந்தது. ஏறினேன். எதுவும் உடையவில்லை, எதுவும் அடைக்கவில்லை. அங்கே போய் நின்றபோது எனக்கே இறங்க மனசில்லை. தாளத்தை மறந்து கூடக் கொஞ்சம் நின்றேன். தபேலாக்காரர் நல்ல மனுஷன், காத்திருந்தார்.

முடித்துக் கண்ணைத் திறந்தால், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எச்சில் கையோடு படியேறி வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சமையல்காரர் கரண்டியோடு நின்றார். கைதட்டினவர்களைவிட, கை கழுவாததால் தட்ட முடியாமல் நின்றவர்கள்தான் அதிகம். சரவணன் மாலையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மேடையிலிருந்து இறங்கி மைக்கைச் சவுண்டுக்காரரிடம் நீட்டினேன். "ரொம்ப நல்லாக் கேட்டுச்சுங்க மைக்கு" என்றேன், மரியாதைக்காக.

அவர் தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்குங்கக்கா. மொத வரியிலயே மைக்க ஆஃப் பண்ணிட்டேன். ஸ்பீக்கர் போயிருமோன்னு பயமாப் போச்சுங்க."

"அப்ப நான் பாடினது?"

"அது நீங்க பாடினதுதாங்க. வெறும் தொண்டை."

வாசலில் இருந்து யாரோ "இன்னொரு பாட்டு" என்று குரல் கொடுத்தார்கள். இன்னும் நாலு பேர் கூடக் கத்தினார்கள். சவுண்டுக்காரர் மைக்கைத் துடைத்து, "இந்தத் தடவை கொறச்சு வெச்சுத் தர்றேங்க" என்று என்னிடம் திரும்ப நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை ஏறினேன்.